ஊழியர், ஊழியக்காரர், கோயில்பிள்ளை

அருப்புக்கோட்டையில் ‘ஊழியர்’ என்றால் ஒருவர், ‘ஊழியக்காரர்’ என்றால் வேறொருவர். முன்னவர் தாலுகா அலுவலகத்திலோ மின்வாரியத்திலோ இருப்பார். அகவிலைப்படி, பழைய ஓய்வூதியத் திட்டம் என்று பேச்சு ஓடும். ஆண்டுக்கு ஓரிரு முறை கோரிக்கை அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வாயிலில் நின்று முழக்கமிடுவார். பின்னவர் ஜிப் வைத்த உறைக்குள் வேதப் புத்தகத்தோடு வந்து இறங்குவார். அவரை அழைத்துப்போகச் சபையார் இரண்டு பேர் வண்டியோடு காத்திருப்பார்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே அவருடைய படம் சுவரில் ஏறியிருக்கும்.

‘காரர்’ சேர்ந்தால் தமிழில் சொல் பெரும்பாலும் ஒரு படி இறங்கும். வண்டிக்காரர், தோட்டக்காரர், வேலைக்காரர். அவரையே உயர்த்திச் சொல்ல வேண்டுமென்றால் ஓட்டுநர் என்போம், பணியாளர் என்போம். ஊழியத்தில் மட்டும் இது தலைகீழாக நடந்திருக்கிறது. ‘ஊழியர்’ சம்பளப் பட்டியலுக்குள் போனார். ‘ஊழியக்காரர்’ மேடை ஏறினார்.

ஏறுவதற்கு முன் இந்தச் சொல் எங்கே கிடந்தது என்று பார்த்தால்தான் ஏற்றத்தின் உயரம் தெரியும். தெலுங்கில் ஊடிகமு, கன்னடத்தில் ஊளிக, மலையாளத்தில் ஊழியம் என்று தென்மொழிகளில் பரவலாக இருக்கிற சொல் இது. தெய்வத்துக்கோ குருவுக்கோ பிறப்பால் மேலானவராகக் கருதப்பட்டவருக்கோ செய்தே தீர வேண்டிய வேலை என்பது அகராதிகள் தரும் பொருள். ‘அடிமைத்தொழில்’ என்பதும் பக்கத்திலேயே நிற்கும். திருவிதாங்கூரில் ஊழியம் என்பது அரசாங்கமே பெயர் சொல்லி வாங்கிய கட்டாய வேலை. சுமை தூக்கு, சாலை போடு, கோயிலுக்கும் அரண்மனைக்கும் பொருள் கொண்டுபோய்க் கொடு. கூலி கிடையாது. பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர்கள் தலையில்தான் அது விழுந்தது. கர்னல் மன்றோ அங்கே ரெசிடெண்டாக இருந்த 1810களில், கிறித்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்குப் பிடிக்கக்கூடாது என்று ஆணை வந்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் “ஊழியத்துக்குப் போறேன்” என்று சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கிளம்பும்போது எனக்கு இந்த ஆணை ஞாபகம் வரும். அன்று ஞாயிறு என்றால் ஊழியத்திலிருந்து விடுதலை.

இந்தச் சொல்லுக்கு ஓர் அண்டை வீட்டுச் சொல் உண்டு: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்பது ஊருக்கும் அரசுக்கும் கூலியின்றிச் செய்ய வேண்டிய வேலை. ஏரிக்கரை உயர்த்துவது, வாய்க்கால் தோண்டுவது போன்றவை எல்லாம் இந்த வகை உழைப்பில்தான் நடந்தன. அதாவது ஊரிலேயே மிகவும் தேவையான வேலை. கூலி இல்லாத வேலை பயனில்லாத வேலை ஆகி, வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு, வெட்டிப் பயல் என்று சொல் சரிந்துவிட்டது. வெட்டியான் மட்டும் பழைய பொருளின் மிச்சமாகச் சுடுகாட்டில் நிற்கிறார். வெட்டியும் ஊழியமும் ஏறக்குறைய ஒரே தெருவில் பிறந்தவை. ஒன்றைத் தெருவோடு விட்டார்கள், மற்றொன்றுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டது தமிழ் வேதாகமம்.

பவர் ஐயர் தலைமையிலான குழு 1871இல் முடித்த மொழிபெயர்ப்புத்தான் சீர்திருத்தச் சபைகள் இன்றும் ஆராதனையில் வாசிக்கிற வேதாகமம். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் ஒரு சண்டை வருகிறது. செபெதேயுவின் பிள்ளைகளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் நாற்காலி வேண்டுமென்று அவர்கள் தாயே வந்து கேட்கிறாள். மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல். அங்கே இயேசு சொல்லும் பதிலில் இரண்டு சொற்கள் படிப்படியாக இறங்குகின்றன. பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரன் ஆகட்டும். முதல்வனாகவே விரும்புகிறவன் ஊழியக்காரன் ஆகட்டும் என்கிற பொருளில். கிரேக்க மூலத்தில் முதலாவது, பந்தியில் பரிமாறுகிற ஆளைக் குறிக்கும் சொல். இரண்டாவது ‘தூலோஸ்’, விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. அந்த அடிமட்டச் சொல்லுக்குத் தமிழில் வந்து உட்கார்ந்தது ஊழியக்காரன். பவுல் ரோமருக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியில் தன்னைச் சொல்லிக்கொள்வதும் இதே பெயரால்தான்.

ஒரு வேடிக்கை. அதே தூலோஸ், பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்து எடுத்த ரூபத்தைச் சொல்ல வரும்போது பச்சையாக ‘அடிமை’ என்று மொழிபெயர்க்கப்பட்டது. தலைவருக்கு அடிமை, சீடருக்கு ஊழியக்காரன். மொழிபெயர்ப்பாளர்கள் அன்று வேறுபாடு நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, பின்னால் வந்தவர்களுக்கு அது வசதியாகிவிட்டது. ‘அடிமை’யைப் பட்டமாகப் போட்டுக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

பட்டம் என்று வந்துவிட்டதால் மத்தேயு 23ஐயும் பார்த்துவிடலாம். இன்னின்ன பெயரால் உங்களை அழைக்க விடாதீர்கள் என்று அங்கே ஒரு பட்டியல். தமிழ் வேதாகமத்தில் அந்தப் பட்டியலில் ரபீ இருக்கிறது, பிதா இருக்கிறது, குரு இருக்கிறது. போதகர் என்ற பெயரும் கிறிஸ்து ஒருவருக்கே என்கிறது. எல்லோரும் சகோதரர், அவ்வளவுதான். இப்போது எந்த ஊர்த் திருச்சபைக்கு வேண்டுமானாலும் போங்கள். ரபீயைத் தவிர மீதி எல்லாமே பதவிப்பெயர். லுத்தரன் சபையில் போதகர், சி.எஸ்.ஐ.யில் குருவானவர், கத்தோலிக்கரிடம் ஃபாதர். பாதிரியார் என்பதும் ‘தந்தை’ என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லோடு நாம் ஒரு ‘ஆர்’ போட்டுக் கும்பிட்டதுதான். ரபீக்கு மட்டும் தமிழ்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை.

மேற்பார்வையாளரைக் குறிக்கும் சொல்லுக்கு நடந்தது இன்னும் சுவை. தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் தமிழ் வேதாகமம் ‘கண்காணி’ என்கிறது. ராமநாதபுரச் சீமையிலிருந்து தூத்துக்குடி வழியாகவும் மண்டபம் வழியாகவும் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களுக்குக் கங்காணி யாரென்று சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவர், துண்டுக் கணக்கு வைத்தவர், கம்பு வைத்திருந்தவர். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–ராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் ஆயராக 37 வயது லெஸ்லி நியூபிகின் வந்தார். அவரைக் ‘கண்காணி’ என்று யாரும் கூப்பிடவில்லை. வேதத்திலேயே இருந்தபோதும் அந்தச் சொல்லைப் பட்டமாக்காமல் விலக்கிவிட்டார்கள். அத்தியட்சர் என்ற வடமொழிப் பெயரும் பிறகு பேராயர் என்ற தமிழ்ப் பெயரும் வழங்கின. ஊழியக்காரன் ஏறலாம், கண்காணி ஏறக்கூடாது. ஏனென்றால் கண்காணி எப்படி நடந்துகொள்வார் என்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தாழ்ந்த பெயர் பட்டமாவது கிறித்தவர்கள் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். திருச்சுழிக்கு வந்து திருமேனிநாதரைப் பதிகம் பாடிய சுந்தரர்தான் திருத்தொண்டத்தொகையும் பாடினார். அதில் அடியார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அவருக்குத் தான் அடியேன், அவருக்கும் தான் அடியேன் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவருடைய கதையே ஓர் அடிமைச் சீட்டில்தான் தொடங்குகிறது. கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் ஆளோலையை நீட்டி, இவன் பரம்பரையாக எனக்கு அடிமை என்று வழக்காடியதைப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தத் தொண்டு என்ற சொல்லும் அடிமைத்தனத்திலிருந்து கிளம்பி, திருத்தொண்டராகி, கடைசியில் கட்சித் தொண்டராக டீக்கடை வாசலில் கொடிக்கம்பம் நடுகிறது. தாஸ் என்பதும் அடிமைதான். மரியதாஸ், யேசுதாஸ். ‘யேசுவடியான்’ என்ற அழகான தமிழ்ப் பெயர் ஆங்கிலப் பள்ளிப் பதிவேட்டில் விழுந்து, ‘ஜெசுதியான்’ ஆகி, அடியான் எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் போனதும் உண்டு.

ஆனால் தாழ்ந்த பெயரைச் சூடிக்கொள்வதற்கும் காலுக்குக் கீழே கொஞ்சம் உயரம் வேண்டும். இந்த வானம் பார்த்த பூமியில் அது நன்றாகவே தெரியும். அருப்புக்கோட்டையிலும் பாலையம்பட்டியிலும் பேட்டை அமைத்து வணிகம் செய்து முன்னேறிய சமூகம், ‘சாணார்’ என்ற பெயரை அரசுப் பதிவேட்டிலிருந்து நீக்கி ‘நாடார்’ என்று எழுதவைக்க 1921 வரை போராட வேண்டியிருந்தது. இடையில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக ராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயருக்குச் சென்னை அரசின் ஆணை 1922இல் கிடைத்தது. ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்ற பெயருக்கு நாடாளுமன்றம் 2021இல் சட்டம் இயற்றியது. ஒரு பக்கம் மேலே வர ஒரு பெயருக்காக மூன்று தலைமுறை நடக்கிறது. இன்னொரு பக்கம் நன்றாக மேலே நிற்பவர் ‘நான் வெறும் ஊழியக்காரன்’ என்கிறார், கூட்டம் உருகுகிறது. அதே வாக்கியத்தைத் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் மடையில் நிற்கும் நீர்ப்பாய்ச்சி சொன்னால் அது தாழ்மை ஆகாது, தகவல் ஆகும்.

ஐயர் என்ற பெயரின் கதையும் இதோடு ஒட்டியது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, காவி உடுத்து, மரக்கறி உண்டு, உயர்ந்த சாதித் துறவியாகத் தன்னைக் காட்டிக்கொண்டு ‘ஐயர்’ ஆனார். அவர் வழியில் 1640 முதல் மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் வந்தார்கள். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் இந்தப் பண்டாரசாமி வரிசையைச் சேர்ந்தவர். குருக்களிலேயே இரண்டு தட்டு! தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்குவுக்கும் பின்னால் வந்த ரேனியஸ், கால்டுவெல், போப் எல்லோருக்கும் ‘ஐயர்’ தானாக ஒட்டிக்கொண்டது. பைபிளில் ஊழியக்காரன், தெருவில் ஐயர். சீர்திருத்தச் சபைகளில் வீட்டம்மாவும் ‘ஐயரம்மா’ ஆனார். சாதியை மறுக்க வந்த மதத்தின் போதகர் சாதிப் பெயரைப் பட்டமாக ஏற்றது யாருக்கும் உறுத்தாமல் போனதுதான் ஆச்சரியம். யோசித்தால் ஆச்சரியமும் இல்லை. மரியாதைக்கு அந்த ஊர்களில் வேறு அச்சு இல்லை.

இந்தக் கரிசல் பக்கத்துக்கு வேதம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானது அமெரிக்கன் மதுரை மிஷன். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தார்கள். திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலை அவர்களுடைய கிராம நிலையம். 1850களிலும் 60களிலும் ஹொரேஸ் டெய்லர் அங்கே இருந்து வேலை செய்தார். பின்னாளில் அருப்புக்கோட்டையும் நிலையம் ஆயிற்று. (திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், 1896இல் திருவண்ணாமலைக்குக் கிளம்பி ரமணர் ஆவதற்கு முன் மதுரையில் படித்துக்கொண்டிருந்தது இந்த மிஷனின் உயர்நிலைப் பள்ளியில்தான்.)

அந்த மிஷன் 1847இல் ஒரு காரியம் செய்தது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, யார் சமைத்ததாக இருந்தாலும் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே, 1833இல், கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதி, தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் கடுமையாக எதிர்த்திருந்தார்கள். கடிதத்தை எதிர்க்கலாம், விளக்கம் சொல்லிச் சமாளிக்கலாம். முன்னால் வைத்த சோற்றுக்கு விளக்கம் சொல்ல முடியாது. கை வைக்க வேண்டும், இல்லை எழுந்திருக்க வேண்டும். எழுந்தவர்கள் பலர். உபதேசியார்கள், பள்ளி வாத்தியார்கள் வேலையிழந்தார்கள். மிஷன் பல ஆண்டு வளர்த்தெடுத்த ஆட்களையே ஒரு வேளைச் சாப்பாட்டில் இழந்தது. வெள்ளைக்காரர் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமத்துவத்தைச் சோதித்தது சரியா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். சோதித்தவர்களின் பங்களாச் சமையலறையில் சமைத்தவர் அவர்களோடு மேசையில் உட்கார்ந்தாரா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இருந்தாலும் ஊழியம் என்ற சொல்லுக்கு இந்தச் சீமையில் வைக்கப்பட்ட ஒரே கறாரான தேர்வு அந்தப் பந்திதான். யூதாவின் கடிதத்தில் வரும் ‘அன்பின் விருந்து’ என்ற பெயர் இன்றும் சபைகளில் இருக்கிறது. நெல்லைப் பக்கம் ‘அசனம்’. தேர்வு போய்விட்டது, பிரியாணி இருக்கிறது.

இடையில் கிராமத்தில் உண்மையான பாரத்தைச் சுமந்தவர் உபதேசியார். ஐயர் ஆண்டுக்குச் சில முறை வருவார். உபதேசியார்தான் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதச் சொல்லித்தந்து, சாவுக்கு ஜெபித்து, பஞ்ச காலத்தில் யாருக்குக் கம்பு வேண்டுமென்று பட்டியல் எடுத்தவர். அவருக்கும் கீழே ஒருவர்: கோயில்பிள்ளை. தென்கோடியில் கோயில்குட்டியார் என்பார்கள். மணி அடிப்பது, கூட்டுவது, விளக்குத் துடைப்பது, பாய் விரிப்பது, கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் பார்ப்பது அவர் வேலை. மேலே சொன்ன அகராதிப் பொருளை எடுத்து, இந்தக் கோயிலில் யார் செய்வது ஊழியம் என்று அளந்து பார்த்தால் அச்சாகப் பொருந்துபவர் இவர் ஒருவர்தான். இவரை மட்டும் யாரும் ஊழியக்காரர் என்று சொல்வதில்லை. வயது 70 ஆனாலும் பிள்ளை, குட்டி.

பெரிய வியாழன் மாலை கத்தோலிக்கக் கோயில்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. ஃபாதர் மேலாடையைக் களைந்து, வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முழந்தாள் இடுவார். உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தவர்கள். கரிசல் மண் லேசில் காலை விடாது, பித்தவெடிப்புக்குள் கறுப்புக் கோடாக நிற்கும். அதை ஊருக்கு முன் காட்டக் கூச்சம். ஃபாதர் சொம்பைச் சாய்ப்பார், தண்ணீர் தாம்பாளத்தில் விழும், துடைப்பார், முத்தமிடுவார், அடுத்த காலுக்கு நகர்வார். தாம்பாளத்தைக் குனிந்து ஏந்திக்கொண்டு பன்னிரண்டு நாற்காலிக்கும் கூடவே நகர்கிறவர் கோயில்பிள்ளை. அவருடைய கால் யார் கண்ணிலும் படாது. போப் பிரான்சிஸ் 2016 ஜனவரியில் விதியை மாற்றி, ஆண்கள் மட்டும் என்றிருந்ததை விலக்கிப் பெண்களும் உட்காரலாம் என்றார். நல்ல மாற்றம். யாரை உட்காரவைப்பது என்பதில் ஊருக்குள் நடக்கிற கணக்கு மட்டும் ரோமில் மாற்றக்கூடிய விதி இல்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிக்காக நின்ற சுவரை ஒரு வார்த்தையால் யாரும் விழவைக்க முடியவில்லை.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் ஊழியக்காரன் போய்ப் பணியாளர், தொண்டர் வந்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் வினைமுற்றில். பழைய வேதாகமத்தில் இயேசுவுக்கு ‘ஆர்’ உண்டு, பேதுருவுக்கு ‘ஆன்’தான். தாவீது ராஜாவும் அவன், குஷ்டரோகியும் அவன். கடவுளுக்கு முன் எல்லோரையும் ஒரே மட்டத்துக்கு இறக்கிய சமத்துவம் அது. திருவிவிலியத்தில் குஷ்டரோகி தொழுநோயாளர் ஆகி ‘ஆர்’ பெற்று எழுந்து நிற்கிறார். எனக்கு இரண்டாவது வழி பிடிக்கும், காதுக்கு முதலாவதுதான் பழக்கம். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாட்டிகளுக்கும் அப்படித்தான். ‘பேதுரு சொன்னார்’ என்றால் யாரோ அரசு அதிகாரி சொன்னது போல இருக்கிறதாம்.

பெயரை இறக்குவதைச் சொல்லோடு நிறுத்தாமல் செய்து பார்த்தவர் ஒருவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்தார். தியோபிலஸ் அப்பாவு (1940–2005). முறைப்படி பட்டம் பெற்ற ஐயர், கல்லூரிப் பேராசிரியர். தன்னைப் ‘பரட்டை’ என்று வைத்துக்கொண்டார். மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். கிராமத்து மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு பாட்டுக் கட்டினார். அவருடைய இறையியலின் நடுவில் இருந்த சொல் ‘ஒரே ஒலை’. எல்லோருக்கும் ஒரே உலையில் பொங்கி எல்லோரும் ஒன்றாகத் தின்பது. மதுரை மிஷனின் 1847 பந்தி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது என்று சொல்லலாம். இந்த முறை துரையின் தேர்வாக வரவில்லை, சேரியின் அழைப்பாக வந்தது.

பரட்டை என்ற பெயரை யாராலும் பட்டமாக்க முடியவில்லை. ஆனால் கூடவே வந்த ‘அண்ணன்’? பேச்சுத் தமிழில் கூப்பிடுவதற்கு வயது சொல்லாத சகோதரன் கிடையாது. அண்ணன் உண்டு, தம்பி உண்டு. இரண்டுக்கும் பொதுவான ‘சகோதர’னை வடமொழியிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தது. அந்தச் சகோதரனும் இப்போது ‘சகோ.’ என்று புள்ளி வைத்துச் சுவரொட்டியில் பெயருக்கு முன் ஏறிவிட்டார். முறை சொல்லிக் கூப்பிடுவது இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் சொந்தத் தெருவோடு நின்றுவிடும். அடுத்த தெருப் பெரியவருக்கு அண்ணாச்சியும் பெரியப்பாவும் எளிதில் நாவில் வராது.

வராத இடத்தில் நம் ஆட்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு காலை கோயிலுக்குள் நுழையும் இளைஞன், தன் தாத்தா வயதுள்ள கோயில்பிள்ளையிடம் “மணி அடிச்சியா?” என்று கேட்பதில்லை, வேதம் படித்த பையன். “அடிச்சீங்களா?” என்பதும் வாயில் வருவதில்லை. “ரெண்டாவது மணி அடிச்சாச்சா?” என்கிறான். அவரும் “ஆச்சு” என்கிறார்.